வலது பக்கத்து அறுபது அடி

இந்த அறையின் சுவரைக் கட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது ஐயா, ஆனால் அவசரக்காரர் இல்லை. பூச்சு பூசி, வெள்ளையடித்து, அதன்மேல் நாட்காட்டி மாட்டியிருந்தாலும் மூலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழிருந்து மேல்வரை ஒரே கோடு. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள், இடையில் ஒரு தாள்கூட நுழையாது. இத்தனை வருடம் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்தும் நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சுவர் சரியாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் தொழிலின் வயிற்றெரிச்சலே அதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிடங்குச் சந்தில் விழுந்த சுவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கொத்தனார். தொழிலுக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. வேலையிடத்தில் என்னை ‘மட்டம்’ என்று கூப்பிடுவார்கள். நடுவில் நீர்க்குமிழி ஓடுகிற ரசமட்டக் கட்டையை நான் கையைவிட்டு இறக்குவதில்லை, அதனால் வந்த பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நான் ஏதோ மட்டமான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் பத்து வருடம் உண்மையாகவே சிரித்தேன்.

ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தால் இன்னொன்றோடு தட்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஓரமாக வைத்துவிடுவேன். முந்தின நாள் சாயங்காலமே கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து வடியவிட்டுத்தான் அடுக்குவேன். ஊறாத கல் கலவையில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், அப்புறம் கலவை வெறும் மாவு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் கனம் கலவை, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு வரி முடிந்ததும் நூல் பிடித்துப் பார்ப்பேன், மட்டம் வைத்துப் பார்ப்பேன், பத்தடி தள்ளிப் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு நானூறு கல் ஓடும். மாப்பிள்ளை எண்ணூறு வைப்பான்.

மாப்பிள்ளை என்றது என் தங்கை புருஷனை. அவனும் கொத்தனார்தான், என்னைவிட ஒரு வயது இளையவன். வேலையிடத்தில் அவன் பெயர் ‘ஜெட்டு’. தங்கை புருஷன் என்பதால் நேரில் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் அவன், இவன்தான். இங்கே மனசில் இருக்கிறபடியே சொல்லிவிடுகிறேன்.

அவன் வேலை செய்வதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். இடது கையில் கல், வலது கையில் கரண்டி, வாயில் ஏதாவது ஒரு பாட்டு. கலவையை அள்ளி வீசுகிற வேகத்தில் கல் தானாக வந்து உட்காருகிற மாதிரி இருக்கும். அவன் பையிலும் ரசமட்டம் இருந்தது. பையிலேயே இருந்தது. கேட்டால், “கண்ணு இருக்குல்ல மச்சான்” என்பான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தங்கையை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. என் மனைவி கால் உடைந்து படுத்திருந்த இரண்டு மாதமும் தங்கையையும் கூட்டிக்கொண்டு தினமும் வந்து பார்த்தவன். ஆனால் நான் அவனைப் பற்றிப் பேச வரவில்லை. வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது மற்றவர்கள்தான்.

ஒரு தடவை மாடிப்படிச் சுவர் ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில் சாய்வாக விழுந்தபோது நாலு வரிக்குக் கீழே ஒரு இடத்தில் கால் அங்குலம் வெளியே தள்ளியிருப்பது தெரிந்தது. கலவை காய்வதற்குள் நாலு வரியையும் பிரித்தேன். மேஸ்திரி ஓடி வந்தார்.

“என்னப்பா பண்ற?”

“கால் அங்குலம் தள்ளியிருக்குங்க.”

“பூச்சுல சரி பண்ணிக்கலாம்பா. ஊரே பூச்சுலதான் ஓடுது. நீ என்ன, கோயில் சிலையா செதுக்கற?”

சாரத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை இறங்கி வந்து, நான் பிரித்த கல்லிலிருந்து கலவையைச் சுரண்டி அடுக்கிக் கொடுத்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. சுரண்டிக்கொண்டே, “மச்சான் ஒரு வீடு ஆரம்பிச்சா பேரன் வந்து குடி போகலாம்” என்றான். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால் பதில் பேச முடியவில்லை.

எரிச்சல் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. செருப்புக்குள் மணல் மாதிரி. நின்றால் தெரியாது, நடந்தால் தெரியும். நான் முப்பத்தோரு வருடம் நடந்தேன்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன்.

கிடங்கின் முற்றம் சந்தின் தரையைவிட எட்டடி உயரம். லாரி வந்து திரும்புவதற்காக மண் கொட்டி உயர்த்தினார்கள். அந்த மண் சந்துக்குள் சரியாமல் பிடித்துக்கொள்ள நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கான்கிரீட் தூண். சந்தில் நின்று பார்த்தால் தூணுக்கு வலது பக்கம் அறுபது அடி எனக்கு, இடது பக்கம் அறுபது அடி மாப்பிள்ளைக்கு என்று மேஸ்திரி பிரித்துக் கொடுத்தார். கிடங்கு முதலாளிக்கு ஒரு ஆசை. பூச்சு வேண்டாம், செங்கல் அப்படியே தெரியட்டும் என்றார்.

உங்களுக்கு இது எப்படிப் படுகிறதோ தெரியவில்லை. நான் வைத்த கல்லை, நான் வைத்தபடியே, ஊர் முதல் தடவையாகப் பார்க்கப்போகிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். “பூச்சு இல்லைன்னா வேலை சீக்கிரம் முடிஞ்சிருமே, நல்லதுதானே” என்றாள்.

மாப்பிள்ளை தன் அறுபது அடியைப் பத்து நாளில் முடித்தான். எனக்கு இருபத்தொரு நாள் ஆனது. பதினொன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, “கை சும்மாத்தான் இருக்கு மச்சான். அந்தக் கோடியில இருந்து நான் வரட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் மாப்ள என்றேன். அன்றிலிருந்து மண் லாரிகள் எனக்காகக் காத்து நின்றன. மேஸ்திரி தினமும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஒன்றும் பேசாமல் மூச்சு விடுவார். அந்த மூச்சு இப்போதும் காதில் கேட்கிறது.

ஆனால் முடித்தேன். என் பக்கத்துக்கு முன்னால் நீங்கள் போய் நின்று பார்க்க வேண்டும். ஒரு கல் இன்னொரு கல்லைவிட முன்னால் வந்திருக்காது. கலவை தெரிகிற இடமெல்லாம் நோட்டில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அவன் பக்கம் அப்படி இல்லை. கலவை ஓரிடத்தில் சுண்டுவிரல், ஓரிடத்தில் பெருவிரல். ஏழாவது வரியில் ஒரு கல் அரை நூல் உள்வாங்கியிருந்தது. அரை நூல் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. என் கண்ணுக்கு அது சந்து முனையிலிருந்தே தெரிந்தது.

இன்ஜினியரம்மா வந்தார்கள். நல்ல படிப்பாளி, அவசரப்படாதவர். மட்டமும் டேப்பும் வைத்து ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் நல்லா வந்திருக்கு” என்றார்கள்.

“நல்லாப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்ணே. ரெண்டுமே அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு. பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல.”

அனுமதித்த அளவு. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு ஆள் எவ்வளவு தப்பு செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கட்டடத்துக்கு மாப்பிள்ளையை மேஸ்திரி ஆக்கினார்கள். எனக்கு அதே கட்டடத்தில் கழிப்பறைத் தடுப்புச் சுவர் கொடுத்தார்கள். ஓடு ஒட்டி மூடிவிடுகிற சுவர். அதை எனக்குக் கொடுத்தது மாப்பிள்ளைதான். “இது சின்ன வேலை மச்சான், நீங்க நிதானமா பண்ணலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் ஒன்றும் செய்யவில்லை. மழைக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். அவசரத்தில் கட்டியது எதுவானாலும் மழையில் வேஷம் கலைந்துவிடும் என்பது என் அனுபவம். தினமும் வேலை முடிந்ததும் சந்துக்குப் போய் அவன் பக்கத்தைப் பார்ப்பேன். தலைப்பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. அதற்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். விரிசல் அகன்றால் கோடு பிரிந்து காட்டும்.

அந்தச் சந்தில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருப்பார். சுவர் வந்தபிறகு வந்தவர். மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை கட்டிய பக்கத்தில்தான் நிழல் விழும் என்பதால் அங்கே மிஷினைப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேல் கட்டுகிற தார்ப்பாயை மாட்டுவதற்கு மாப்பிள்ளையே சுவரில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தான். தான் கட்டிய சுவரில் தானே ஆணி அடிக்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சட்டைக்குக் காஜா கையாலேதான் போடுவார். மிஷினில் ஒரு நிமிஷத்தில் ஆகிற வேலைக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். இழை இழையாக அடுத்தடுத்து, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல். என் சட்டையில் பாருங்கள், மேலிருந்து இரண்டாவது. அவர் கை.

முதல் மழை வந்தது. சுவர் நின்றது. இரண்டாவது மழை வந்தது. நின்றது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். மண்ணில் இறங்குகிற தண்ணீர் வெளியேறச் சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகளில், அவன் பக்கத்திலும் தண்ணீர் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது. பென்சில் கோடு போட்டது போட்டபடி இருந்தது. கையால் தள்ளிக்கூடப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். எட்டடிச் சுவரை ஒரு மனுஷன் கையால் தள்ளிப் பார்ப்பது.

இது எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவர். மனைவி ஏதாவது கேட்டால் அந்தச் சுவர். அது நிற்க நிற்க, நான் முப்பத்தோரு வருடமாகத் தட்டிப் பார்த்த கல்லெல்லாம், பிரித்துக் கட்டிய வரியெல்லாம் வீண் வேலை என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பது போல இருந்தது.

முறைப்படி சொல்லியும் பார்த்தேன். பழைய மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் கையைக் கூப்பினார், “போதும்பா” என்றார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்ஜினியரம்மா மறுபடி வந்து, தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

“அண்ணே, அவரு உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே. குடும்பத்துல ஏதாவது பிரச்சனையா?”

நான் சுவரைப் பற்றிப் பேசினேன். அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

மண்ணைப் பிடித்து நிற்கிற சுவருக்கு மண் எதிரி இல்லை ஐயா, தண்ணீர்தான் எதிரி. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, போக வழியில்லாமல் சுவரின் முதுகில் சேர்ந்தால், அதைப் போலத் தள்ளுகிற சக்தி வேறு கிடையாது. அதனால்தான் ஐந்தடிக்கு ஒன்றாக, மேலே ஒரு வரிசை கீழே ஒரு வரிசை, குழாய்த் துண்டு பதித்து ஓட்டை விடுகிறோம். அவன் பக்கத்தில் இருபத்துநாலு ஓட்டை.

அந்த இருபத்துநாலையும் நான் அடைத்தேன்.

ஒளிந்து மறைந்து செய்யவில்லை. மழை விட்டிருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில், கரண்டி, சட்டி, கலவையோடு போய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து செய்தேன். முதலில் கல் துண்டை ஆழமாகச் செருகி, அதன்மேல் கெட்டிக் கலவையைக் குச்சியால் இடித்து இறுக்கி, குழாயின் வாய்க்கு இரண்டு விரற்கட்டை உள்ளேயே முடித்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை ஓட்டையாகவே தெரியும். உள்ளே அடைத்த முகத்தையும் விரல் நுனியால் தடவி வழவழவென்று ஆக்கினேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்பதற்காக வேலையைக் குறைத்துச் செய்கிறவன் இல்லை நான். ஜெட்டாக இருந்தால் அரை நாளில் முடித்திருப்பான். எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது.

தையல்காரம்மா கேட்டார். “என்னண்ணே, லீவு நாள்லயும் வேலையா?”

“ஓட்டை வழியா எலி வருதுன்னு சொன்னாங்கம்மா.”

“நல்லதாப் போச்சு. மழை விட்டும் தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கு, தச்ச துணியெல்லாம் ஈரமாகுது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். அப்படிப்பட்ட சுவர் ஒரேயடியாக விழாது. முதலில் வயிறு தள்ளும். எல்லோரும் பார்ப்பார்கள். இன்ஜினியரம்மா வந்து தலையில் கையை வைத்துக்கொள்வார்கள். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்வார்கள், நான் கட்டுவேன். ஒருவருக்கும் ஒரு கீறல் விழாது. இப்படித்தான் நினைத்தேன். நல்ல சுவராக இருந்தால் அந்தத் தண்ணீரைத் தாங்கியிருக்கும் என்பது இப்போதும் என் எண்ணம்.

அப்படியானால் உன் பக்கத்து ஓட்டைகளை ஏன் அடைத்துப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்குத் தேவை இருக்கவில்லை. என் பக்கத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லையே.

பிறகு அந்த நாலு நாள் மழை. இரண்டாம் நாள் நூலை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பிடித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் தள்ளியிருந்தது. மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். பல வருடமாக அடைத்துக்கொண்டிருந்த காது பட்டென்று திறந்துகொண்டது போல இருந்தது. மூன்றாம் நாள் மூன்று விரல். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்போதெல்லாம் யாரும் கேட்கவில்லை, இனி அவர்களாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டது. பத்து மணிக்கு நான் போனபோது சுவர் ஒரு சாண் தள்ளியிருந்தது. மழை நாட்களில் துணி சேர்ந்துவிட்டதால் தையல்காரம்மா வந்து, கொக்கியில் தார்ப்பாயை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். சந்தின் எதிர்ப் பக்கம் போய் நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

“மாப்ள, உங்க சுவரைக் கொஞ்சம் வந்து பாருங்க.”

பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். வேகத்தில் குறை சொல்ல முடியாது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்தே சுவரைப் பார்த்தான்.

“எப்ப இருந்து மச்சான் இப்படி?”

“முந்தாநாள்ல இருந்து.”

“முந்தாநாளா” என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நேரம் இல்லை. சந்தில் இருந்த வீடுகளைத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொன்னான். தையல்காரம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பித் தெரு முனைக்கு அனுப்பினான். பிறகு திரும்பி வந்து கீழ் வரிசை ஓட்டைகளைப் பார்த்தான். நாலு நாள் மழைக்குப் பிறகும் ஒரு சொட்டு இல்லை. குனிந்து ஒன்றில் விரலை விட்டான். விரல் உள்ளேயே இருந்தது, எடுக்கவில்லை. அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“மச்சான், இது உங்க கை.”

திட்டவில்லை. கத்தவில்லை. முப்பத்தோரு வருடத்தில் என் வேலையைக் கையால் தொட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டவன் அவன் ஒருவன்தான்.

கீழே கிடந்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஓட்டைகளைக் குத்த ஆரம்பித்தான். என் வேலை அவ்வளவு சுலபத்தில் உடையாது. “உளி இருக்கா மச்சான்?” என்று திரும்பாமலே கேட்டான். என் பையில் உளியும் இருந்தது, சுத்தியலும் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ‘நீங்க சொன்னது சரிதான் மச்சான், என் வேலைலதான் குறை’ என்று. அதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டேன். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

நாலு ஓட்டையைத் திறந்துவிட்டான். தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஐந்தாவதைக் குத்திக்கொண்டிருக்கும்போது தையல்காரம்மா மிஷினை எடுக்கத் திரும்பி ஓடி வந்தார். நான் அவர் வருவதை முதலிலேயே பார்த்தேன். என்னைத் தாண்டித்தான் போனார். அவன் கம்பியைப் போட்டுவிட்டு அவரைத் தள்ளப் போனான். சத்தம் நாம் எதிர்பார்க்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை.

இருவரையும் வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. சுவர் பெரிய பெரிய பாளமாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றையும் புரட்ட ஆறு பேர் வேண்டியிருந்தது. கல்லைவிட்டுக் கலவை பிரியவே இல்லை. சில இடங்களில் கல் உடைந்திருந்தது, கலவை உடையவில்லை. மோசமாகக் கட்டிய சுவராக இருந்தால் கல் கல்லாக உதிர்ந்திருக்கும், ஆளைச் சீக்கிரம் எடுத்திருக்கலாம் என்று தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னார். நான் அவர் பக்கத்தில்தான் பாளம் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்பா” என்றார். அவசர வேலை இரண்டு உயிரைக் குடித்தது என்று பத்திரிகையில் வந்தது. என் பெயர் வரவில்லை, ஆனால் ‘அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் முன்பே எச்சரித்தார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. இடிபாடுகளை ஒரே நாளில் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் குழாய்களை யாரும் பார்க்கவில்லை.

தங்கை வீட்டுக்குப் போனேன். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எங்களை மன்னிச்சிருண்ணே. நீ படிச்சுப் படிச்சு சொன்ன. அவருதான் கேக்கல” என்றாள். புருஷனுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“பரவாயில்லைம்மா” என்றேன்.

இதைச் சொல்லும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நடந்ததுதான்.

இத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். போன வாரம் மேஸ்திரி ஒரு செய்தி சொன்னார். என் பக்கத்தையும் இடிக்கப்போகிறார்களாம். நான் இன்ஜினியரம்மாவிடம் ஓடினேன். நின்றுகொண்டிருக்கிற சுவரை எதற்காக இடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒரே மணல், ஒரே சிமெண்ட், ஒரே மாசத்துல கட்டினது. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணை எப்படிண்ணே நம்புறது?” என்றார்கள்.

“அது நான் கட்டினதும்மா.”

“தெரியும்ணே. ஆனா எதனால விழுந்துச்சுன்னு எங்களுக்கு நிச்சயமாத் தெரியாதே.”

செங்கல்லே வேண்டாமாம். நூற்றிருபது அடிக்கும் இயந்திரத்தால் கான்கிரீட் ஊற்றப்போகிறார்களாம். எட்டு நாளில் முடிந்துவிடுமாம். மூன்று நாள் யோசித்தேன். எதனால் விழுந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான். அவன் வந்து சொல்லாவிட்டால் அந்த அறுபது அடியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. அதனால் வந்தேன். அந்த ஓட்டைகளை அடைத்தது நான். சுவர் தள்ளுவதை மூன்று நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது நான். உளியைக் கொடுக்காமல் நின்றது நான். இரண்டு பேரும் செத்தது என்னால்தான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள், நன்றி. நல்ல கையெழுத்து உங்களுக்கு. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும், ‘அந்த ஓட்டைகள் அடைபடாமல் இருந்திருந்தால் இடது பக்கச் சுவர் விழுந்திருக்காது, அதன் கட்டுமானத்தில் குறை எதுவும் இல்லை’ என்று ஒரு வரி வருகிறது. அதை நான் சொல்லவில்லை. நீங்களாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இருந்தால்தான் இடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியும், அது இல்லாவிட்டால் திங்கட்கிழமை என் பக்கத்தையும் இடித்துவிடுவார்கள் என்று சொல்கிறீர்கள். புரிகிறது. இரண்டு தடவை விளக்கிச் சொன்னீர்கள், நன்றாகவே புரிகிறது.

இருந்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. மற்ற எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.